யோக்கியதைச் சீட்டு யாருக்கு?



தீர்த்தமலையிலும், அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும், அரூர்ப் பக்கம் பூராவிலும் இன்று வீட்டுக்கு வீடு ஒரே சங்கதியாக இருக்கின்றது. மழையை நம்பின வெள்ளாமை கைவிட்டுப் போக, பிள்ளைகளெல்லாம் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். வீட்டில் மிச்சம் இருப்பது ஒரு கிழமும் ஒரு கட்டிலும்தான். தகப்பனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் ஒரு காலும் விழுந்துவிட்டது. தாய் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையிலே கிடக்கின்றாள். மகனோ தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து போகிறவன். ஆகவே கூலிக்கு ஒரு ஆளை வைத்துத்தான் பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிருக்கின்றது. அது மாத்திரமல்ல. நம் பக்கத்துப் பெண்களிலேயே, புருஷனை இழந்தவர்களும் கடனில் மாட்டினவர்களும், பட்டணங்களில் யாரோ ஒருவருடைய தாய்க்கு மலமூத்திரம் எடுப்பதற்கு, "தங்கி வேலை" என்கின்ற பெயரால் போய்க்கொண்டிருக்கின்றார்கள்.

எனவே இந்த விஷயத்தில் நாம் இரண்டு பக்கத்திலும் இருக்கின்றோம். நம்முடைய தாயாரை யாரென்று தெரியாத ஒருவர் தூக்கி உட்கார வைக்கின்றார். நம்முடைய தங்கை யாரென்று தெரியாத ஒருவர் வீட்டில் இராத்திரி படுத்துத் தூங்குகின்றாள். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்காமல், ஒன்றை மாத்திரம் பார்த்துப் பேசுகிறவர்கள் எவ்வளவு படித்தவர்களாயிருந்தாலும் அவர்கள் பேச்சு பாதிப் பேச்சுதான்.

இப்பொழுது எங்கே பார்த்தாலும் ஒரு கூக்குரல் கேட்கின்றது. அதாவது, நோயாளிகளையும் முதியோர்களையும் பார்த்துக்கொள்ள வருகிறவர்கள் மேல் போலீசில் கேஸ் கீஸ் இருக்கின்றதா என்று விசாரித்து, சீட்டு வாங்கின பிறகே வீட்டுக்குள் விட வேண்டும் என்பது. தமிழ்நாட்டுப் போலீசாரும் 2018 முதல் கம்ப்யூட்டர் வழியாக மனுப்போட்டுக் கட்டணம் கட்டினால், வேலைக்காரர், குடித்தனக்காரர் முதலியவர்களைப் பற்றி விசாரித்துச் சொல்லுகின்ற ஏற்பாடு செய்திருக்கின்றார்கள். நல்லதுதான். விசாரிக்க வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. பகுத்தறிவுள்ளவன் எதையும் விசாரித்துத்தான் ஏற்க வேண்டும் என்று சொல்லுகின்ற நாம், பெற்ற தாயை ஒப்புவிக்கிற விஷயத்தில் மாத்திரம் விசாரணை வேண்டாம் என்போமா?

பேச்சிழந்து கிடக்கின்ற ஒரு கிழவரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். மாத்திரையைக் கொடுத்தார்களா இல்லையா என்று அவரால் சொல்ல முடியாது. கிள்ளினால் கத்த முடியாது. பென்ஷன் பணத்துக்குக் கைரேகை வைக்கச் சொன்னால் வைப்பார். பட்டினி போட்டால் மகனுக்குத் தெரிய ஒரு மாதம் ஆகும். அப்பேர்ப்பட்டவரிடம் போய்ச் சேருகிறவர் யார், இதற்கு முன் எங்கே வேலை பார்த்தார், ஏன் விட்டார், எவருக்காவது கேடு செய்து தண்டனை அடைந்தவரா என்பதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் விடுவது அன்பல்ல, அசட்டுத்தனம்.

ஆனால் தோழர்களே, நாம் கேட்பது இதுதான். என்னத்தை விசாரிக்கின்றீர்கள்? யாரை விசாரிக்கின்றீர்கள்? யாரைக் கொண்டு விசாரிக்கின்றீர்கள்?

முதலில், நம் நாட்டில் விசாரணை என்பது எப்படி நடக்கின்றது என்று பார்ப்போம். ஆள் பிடித்துக் கொடுக்கின்ற ஏஜென்சிக்காரனிடம் போனால் அவன் ஆதார் கார்டை நகல் எடுத்து வைத்துக்கொண்டு, "எல்லாம் வெரிபிகேஷன் ஆகிவிட்டது சார்" என்கின்றான். ஆதார் கார்டு ஒருவருடைய பெயரையும் ஊரையும் சொல்லுமே ஒழிய, அவர் யோக்கியதையைச் சொல்லுமா? வீட்டுக்காரர் அதோடு திருப்தி அடைவதில்லை. அவருக்கு வேண்டிய விசாரணை வேறு. "எந்த ஊர்? உங்கள் தெருவுக்கு என்ன பெயர்? உங்கள் குலதெய்வம் எது?" என்று மூக்கைச் சுற்றித் தொட்டு, கடைசியில் ஜாதி இன்னதென்று கண்டுபிடித்தவுடன் அவருக்குப் பாதி வியாதி குணமாகிவிடுகின்றது. "ஆசாரமான பெண் தேவை" என்று விளம்பரமே போடுகின்றார்கள். இடுப்பு முறிந்த கிழவியைப் புரட்டிப் படுக்க வைக்கவும், முதுகில் படுக்கைப் புண் வராமல் துடைக்கவும் ஆசாரம் என்னத்துக்கு? கை சுத்தம் வேண்டும், பொறுமை வேண்டும், மருந்துச் சீட்டைப் படிக்கின்ற படிப்பு வேண்டும். இவை மூன்றையும் விசாரிக்காமல் ஜாதியை விசாரிக்கிறவனுடைய தாய்க்குப் புண் வந்தால் அதற்கு யார் ஜவாப்தாரி?

ஜாதியைக் கேட்டால் யோக்கியதை தெரிந்துவிடும் என்கின்ற இந்தப் பைத்தியம் வீட்டுக்காரனோடு நிற்கவில்லை. சர்க்காரே அதைச் சட்டமாகச் செய்து வைத்திருந்தது. 1871-ல் வெள்ளைக்காரன் வட இந்தியாவில் குற்றப்பரம்பரைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்து, 1911-ல் அதை நமது சென்னை மாகாணத்துக்கும் நீட்டினான். அதன்படி ஒரு கூட்டத்தில் பிறந்தாலே போதும், அவன் திருடன். திருடினானா என்கின்ற கேள்வியே கிடையாது. கைரேகையைப் பதிய வேண்டும், போலீசுக்குச் சொல்லாமல் ஊரை விட்டு நகரக்கூடாது, கூப்பிட்டபோதெல்லாம் ஆஜர் கொடுக்க வேண்டும். நாட்டுப்புறத்தார் அதற்கு ரேகைச் சட்டம் என்றே பெயர் வைத்தார்கள். மதுரை ஜில்லாப் பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மாட்டோம் என்று நின்றவர்கள் மேல் 1920 ஏப்ரல் 3-ந் தேதி போலீசார் சுட்டதில் 16 பேருக்குக் குறையாமல் செத்தார்கள்.

தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். நமது தர்மபுரி 1965 வரையில் சேலம் ஜில்லாவில் இருந்தது. அந்தச் சேலத்தின் பெயரையே நெற்றியில் ஒட்டி, சேலம் உப்புக் குறவர் என்றும் சேலம் மேல்நாட்டுக் குறவர் என்றும் இன்றைக்கும் சர்க்கார் ஜாதிப் பட்டியலில் இரண்டு கூட்டத்தார் இருக்கின்றார்கள். உப்பு மூட்டையைக் கழுதை மேல் ஏற்றி ஊர் ஊராய் விற்றுப் பிழைத்தவர்களைத் திருடர் என்று எழுதி வைத்த எழுத்து அது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல் ஒழிந்தது. இந்தியா பூராவிலும் 1952-ல் ஒழிந்தது. எழுத்து அழிந்ததா? 1948-லேயே வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. நம் ஜனங்கள் கோபத்தில் ஒருவரையொருவர் "கேடி" என்று வைகிறார்களே, அதுவே போலீஸ் புஸ்தகத்து எழுத்து இரண்டு வெளியே வந்து திரிவதுதான் என்பார்கள். 2023-ல் கூட நமக்குப் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், குறவர் குடும்பத்தாரை ஆந்திராவின் சித்தூர்ப் போலீசார் திருட்டுக் கேஸ் என்று அள்ளிப் போய்ச் சித்திரவதை செய்ததாகப் புகார் எழுந்தது.

2024 அக்டோபர் 3-ந் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்லிற்று. ஜெயிலுக்குள் ஜாதி பார்த்து வேலை பிரிக்கக் கூடாது. கைதிகளின் பதிவேட்டில் உள்ள ஜாதிக் கலத்தையே எடுத்துவிட வேண்டும் என்று. அதாவது, ருசுவான கொலைகாரனிடத்தில்கூட ஜெயிலர் இனி ஜாதி கேட்கக் கூடாது. ஆனால் ஒரு குற்றமும் செய்யாத ஏழைப் பெண் கிழவிக்குக் கஞ்சி ஊற்ற வந்தால் அவளிடத்தில் கேட்கலாம்! நம் வீடுகள் ஜெயிலைவிடக் கேடாய் இருக்கின்றன என்பதற்கு இதைவிட ருசு வேண்டுமா?

சரி, ஜாதியை விட்டுவிட்டோம், போலீஸ் சீட்டு ஒன்றையே பார்க்கின்றோம் என்று சிலர் சொல்லக்கூடும். அந்தச் சீட்டின் மகத்துவத்தையும் பார்த்துவிடுவோம். இதற்கு நாம் சீமைக்குப் போகவேண்டியதில்லை. அரூருக்குப் பக்கத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கின்ற வாச்சாத்திக்குப் போனால் போதும்.

1992 ஜூன் 20-ந் தேதி சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறையாரும் போலீசாரும் ரெவின்யூ இலாகாவினருமாக அந்த மலைஜாதி ஊருக்குள் நுழைந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். தானியத்தைப் பாழாக்கினார்கள். 18 பெண்களைக் கற்பழித்தார்கள். அதற்குப் பிறகு செய்ததுதான் நம் விஷயத்துக்கு முக்கியமானது. அடிபட்ட அந்த ஜனங்கள் மேலேயே, அந்தப் பெண்கள் மேலேயே, சந்தனக் கட்டை கடத்தினதாகக் கேஸ் எழுதிச் சேலம் ஜெயிலுக்கு அனுப்பினார்கள்.

இப்பொழுது சொல்லுங்கள். 1993-ஆம் வருஷத்தில் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி, வயிற்றுப் பிழைப்புக்காகச் சேலத்தில் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போயிருந்து, வீட்டுக்காரர் போலீஸ் சீட்டுக் கேட்டிருந்தால் என்ன வந்திருக்கும்? "இவள் மேல் கடத்தல் கேஸ் இருக்கின்றது, ஜெயிலுக்குப் போனவள்" என்று வந்திருக்கும். அவளைக் கெடுத்தவன் பென்ஷன் வாங்கின பின்பு ஒரு ஆஸ்பத்திரியில் காவல் வேலைக்கு மனுப் போட்டிருந்தால் என்ன வந்திருக்கும்? "சர்க்கார் உத்தியோகஸ்தர், நன்னடத்தையுள்ளவர், மாசு மறுவில்லை" என்று வந்திருக்கும். அந்தச் சீட்டு இருபது வருஷ காலம் பொய்யே சொல்லிக்கொண்டிருந்திருக்கும்! ஏனென்றால், ஐகோர்ட்டு உத்தரவின்மேல் சி.பி.ஐ. விசாரித்து, தர்மபுரி கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29-ந் தேதியில்தான். 269 உத்தியோகஸ்தர்கள் எதிரிகள். அதற்குள் 54 பேர் செத்தே போனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. அவர்கள் செய்த அப்பீல்களைச் சென்னை ஐகோர்ட்டு தள்ளினது 2023 செப்டம்பர் 29-ல். அதாவது முப்பத்தோரு வருஷம்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று சொல்லிப் பெருமூச்சு விடுவதோடு நம் ஜனங்கள் நின்றுவிடுகின்றார்கள். நாம் அதோடு நிற்கக்கூடாது. மேய்ந்த வேலியையே கூப்பிட்டு, "எந்த மாடு யோக்கியமான மாடு என்று சீட்டு எழுதிக் கொடு" என்று கேட்கின்றோமே, அந்த அதிசயத்தை யோசிக்க வேண்டும்.

இன்னுமொன்று. 2024 ஆகஸ்ட் 9-ந் தேதி கல்கத்தாவில் ஆர்.ஜி. கர் சர்க்கார் ஆஸ்பத்திரியில், இராத்திரி டியூட்டி பார்த்து அலுத்துப் படுத்திருந்த ஒரு பெண் டாக்டரைக் கெடுத்துக் கொன்றவன் யார்? ஆயாவா? தோட்டியா? இல்லை. போலீசாருக்கு உதவியாளாக அதே போலீஸ் இலாகா வைத்திருந்த ஆள்! அந்தப் பட்டத்தைக் காட்டித்தான் ஆஸ்பத்திரிக்குள் தன் இஷ்டப்படி வந்துபோய்க்கொண்டிருந்தான். 2025 ஜனவரியில் அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. இப்பேர்ப்பட்டவர்களை எப்படிப் பொறுக்கி எடுக்கின்றீர்கள், இவர்கள் பூர்வோத்தரம் விசாரித்தது யார் என்று அந்த மாகாண சர்க்காரை உச்ச நீதிமன்றம் கேட்டது அந்தக் கொலை நடந்து இரண்டு மாதம் சென்ற பிறகு. அந்த ஆஸ்பத்திரியில் பெருக்கவும் துடைக்கவும் வந்த பெண்களிடத்தில் எத்தனை காகிதம் கேட்டிருப்பார்கள்!

பட்டமும் பூட்ஸும் போட்டவனிடம் சீட்டுக் கேட்கக் கூச்சம். கிழிந்த புடவைக்காரியிடம் கேட்பதற்குக் கூச்சமில்லை. இதுதான் நம் நாட்டு விசாரணையின் இலட்சணம். அதே 2024 ஆகஸ்டில் பர்கூருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில், என்.சி.சி. முகாம் நடத்துகின்றேன் என்று வந்த ஒருவனைப் பள்ளிக்கூடத்தார் நம்பிப் பெண் குழந்தைகளை இராத் தங்க வைத்தார்கள். ஒரு சிறுமியை அவன் கெடுத்ததாகக் குற்றச்சாட்டு வந்து கைதானான். என்.சி.சி. அமைப்போ, அந்த ஆளுக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்றது. ஒரு கார்டு எழுதிக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. ஏன்? சட்டை மடிப்பாய் இருந்தது.

வெள்ளைக்காரன் தேசத்தில் மாத்திரம் இந்த மயக்கம் இல்லையா என்றால், அங்கேயும் இருந்தது. இங்கிலாந்தில் ஹைடு என்கின்ற ஊரில் ஷிப்மன் என்று ஒரு டாக்டர். நல்ல டாக்டர், வீட்டுக்கே வந்து பார்ப்பார் என்று கிழவிகளெல்லாம் அவரைப் புகழ்வார்கள். அவரும் வீட்டுக்கே வந்து ஊசியும் போடுவார். கிழவியும் நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விடுவாள். 15 பேரைக் கொன்றதாக 2000-ஆம் வருஷம் கோர்ட்டில் தண்டனை ஆயிற்று. பிறகு வைத்த விசாரணைக் கமிஷன் கணக்கெடுத்ததில் அவர் கொன்றவர்கள் 215 பேர் என்று 2002-ல் சொல்லிற்று. இதில் கேட்க வேண்டியது என்னவென்றால், அந்த டாக்டர் சுத்தமான ஆள் என்று எல்லோரும் ஏமாந்ததாகச் சொல்ல முடியாது. 1976-லேயே பெத்திடின் என்கின்ற போதை மருந்துக்காகக் கள்ளச் சீட்டு எழுதினதற்காகக் கோர்ட்டில் அபராதம் கட்டினவர்! பதிவு இருந்தது. தண்டனை இருந்தது. டாக்டர் ஆனபடியால் மறுபடியும் ஊசி அவர் கைக்குப் போயிற்று. ஒரு கூலிக்காரி அதே குற்றத்தைச் செய்திருந்தால் அவள் மறுபடி ஒரு ஆஸ்பத்திரி வாசற்படி ஏறியிருப்பாளா?

நமது ஊரில் மலைமேல் ஒரு தீர்த்தம் இருக்கின்றது. இராவணனைக் கொன்று திரும்பின இராமன் பூஜைக்காக அம்பு விட்டு உண்டாக்கினது என்று ஸ்தல புராணம் சொல்லுகின்றார்கள். அதில் தலையைக் காட்டினால் செய்த பாவமெல்லாம் தீரும் என்று நம்பி வருஷா வருஷம் ஜனங்கள் படியேறுகின்றார்கள். நாம் அதைக் கேலி செய்கின்றோம்; நியாயந்தான். பாறையில் ஒழுகின தண்ணீருக்கு, கீழே எவன் எவனை என்ன செய்துவிட்டு வந்தான் என்று எப்படித் தெரியும்? ஆனால் படித்த பட்டணத்துக்காரர் மாத்திரம் என்ன செய்கின்றார்? போலீஸ் ஸ்டேஷன் ரப்பர் ஸ்டாம்பு பட்டுவிட்டால் ஆள் பரிசுத்தம் என்று நினைத்துக் கதவைத் திறந்துவிட்டு, ஒரு வருஷத்துக்குத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒன்று மலைமேல் தீர்த்தம், மற்றொன்று மசித் தீர்த்தம். அவ்வளவுதான் வித்தியாசம். ஸ்டாம்பு சொல்லுவதெல்லாம், "இந்தப் பெயருள்ள ஆள் மேல் இந்த ஸ்டேஷன் கணக்கில் இன்றுவரை ஒன்றும் எழுதவில்லை" என்பதுதான். எழுதாததற்கு யோக்கியம் காரணமா, செல்வாக்குக் காரணமா, புகார் கொடுக்க வந்தவளை ரைட்டர் விரட்டினது காரணமா என்பதை அது சொல்லாது.

அப்படியானால் என்ன செய்யச் சொல்லுகின்றாய் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும்.

கேஸ் போட்டதையெல்லாம் குற்றம் என்று எண்ணுகின்ற வழக்கம் முதலில் ஒழிய வேண்டும். கோர்ட்டு தண்டித்ததுதான் குற்றம். அதிலும் எந்தக் குற்றம், எப்பொழுது செய்தது, இப்பொழுது செய்யப்போகும் வேலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்க வேண்டும். குழந்தையைக் கெடுத்தவன், கிழவியின் நகைக்காகக் கழுத்தை நெரித்தவன் ஆகியோரை எந்தக் காலத்திலும் ஒரு நோயாளியின் அறைக்குள் விடக்கூடாது. அதில் தயவு தாட்சண்யம் கூடாது. ஆனால் இருபதாவது வயதில் சாராயம் விற்றுத் தண்டனை அடைந்த பெண், ஐம்பதாவது வயதில் ஒரு கிழவருக்குக் கால் பிடித்துவிடக் கூடாது என்றால், ஜெயில் எதற்கு, தண்டனை எதற்கு? தண்டனை முடிந்தது என்று கோர்ட்டு சொன்ன பிறகு, முடியவில்லை என்று சொல்ல ஏஜென்சிக்காரன் யார்?

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில் இப்படித்தான் முதியோரைக் காப்பாற்றுகின்றோம் என்று ஒரு சட்டம் செய்து, பலதரப்பட்ட குற்றங்களில் எது செய்தவராயிருந்தாலும் ஆயுள் பூராவும் முதியோர் இல்லங்களில் வேலை பார்க்கக்கூடாது என்று தடுத்தார்கள். அதில் ஒரு வேடிக்கை. சட்டம் வந்தபோது ஒரே இடத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அங்கேயே நீடிக்கலாமாம். வேறு இடத்துக்கு மாத்திரம் போகக்கூடாதாம். இந்த வீட்டுக் கிழவிக்கு ஆபத்தில்லாதவள் அடுத்த வீட்டுக் கிழவிக்கு எப்படி ஆபத்து ஆவாள்? இந்த அசட்டுத்தனத்தை எடுத்துக் காட்டி, வழக்குக்கு வந்தவர்கள் மட்டில் அந்தத் தடை செல்லாது என்று அந்த மாகாண உச்ச நீதிமன்றம் 2003-ல் தீர்ப்புச் சொன்னது. 2015-ல் மற்றொரு கோர்ட்டு அந்த ஆயுள் தடை எவர் மேலும் செல்லாது என்று சொல்லிவிட்டது. பல வருஷம் நோயாளிகளைப் பார்த்து நல்ல பெயர் வாங்கினவர்களைப் பழைய காகிதம் ஒன்று வெளியே தள்ளினதுதான் அந்தச் சட்டம் கண்ட பலன்.

ஆனால் நம் கட்சிக்குச் சாதகமானதை மாத்திரம் சொல்லி மற்றதை மறைப்பது புராணிகன் வேலை. இங்கிலாந்தில் 2002-ல் சோஹம் என்கின்ற ஊரில் இரண்டு சிறு பெண்களைப் பள்ளிக்கூடத்துக் காவல்காரன் ஒருவன் கொன்றான். அவன் மேல் கற்பழிப்பு முதலான புகார்கள் வேறொரு ஊர்ப் போலீசில் பல இருந்தன. ஒன்றிலும் தண்டனை இல்லை. ஆகவே பள்ளிக்கூடத்தார் விசாரித்தபோது அவை இவர்கள் காதுக்கு வரவில்லை. கோர்ட்டு தண்டித்ததை மாத்திரம் பார் என்று நாம் சொன்ன சூத்திரம் அங்கே உதவியிருக்காது. மெய்தான். அதற்கு என்ன வழி? வெவ்வேறு பெண்கள், ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஒரே ஆள்மேல் ஒரேவிதமான புகாரைச் சொல்லுகின்றார்கள் என்றால் அதை எடை போடத்தான் வேண்டும். ஆனால் எடை போடுவது ஸ்டேஷன் ரைட்டர் ஆகக்கூடாது. அங்கே இப்பொழுது அதற்கென்றே தனி இலாகா இருக்கின்றது. ஒருவரைத் தடைப் பட்டியலில் போடுவதற்கு முன் அவருடைய ஜவாபைக் கேட்கின்றார்கள்; அப்பீலும் இருக்கின்றது. 2013 முதல் அந்தச் சான்றிதழை, வேலைக்கு மனுச் செய்தவருக்கே அனுப்புகின்றார்கள். என்ன எழுதியிருக்கின்றது என்று அவர் பார்த்து, தப்பு இருந்தால் தப்பு என்று சொல்லலாம். இங்கேயோ, நம்மைப் பற்றி ஸ்டேஷனில் என்ன எழுதியிருக்கின்றது என்று நம்மில் பலருக்குத் தெரியாது!

மற்றொரு பக்கத்தையும் பேச வேண்டும் என்று முதலிலேயே சொன்னேன். வேலைக்குப் போகின்றவளுடைய பூர்வோத்தரத்தை வீட்டுக்காரர் விசாரிக்கின்றார். வீட்டுக்காரருடைய பூர்வோத்தரத்தை விசாரிப்பது யார்? 2024 தீபாவளி அன்று சென்னை அமைந்தகரையில் ஒரு மாடி வீட்டில், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த 15 வயதுப் பெண் ஒருத்தி குளியலறையில் பிணமாய்க் கிடந்தாள். அடித்தும் சுட்டும் கொன்றார்கள் என்று வீட்டுக்கார அம்மாளும் ஐயாவும் மற்றவர்களும் கைதானார்கள். அந்தப் பெண்ணைப் பெற்றவள், "ஐயா, உங்கள் மேல் கேஸ் இருக்கின்றதா, போலீஸ் சீட்டைக் காட்டுங்கள்" என்று கேட்டிருந்தால் அவளைப் பைத்தியக்காரி என்றிருப்பார்கள். நாம் சொல்லுகின்றோம், கேட்க வேண்டும். ஏன் கேட்கக்கூடாது? நகை வைத்திருக்கிறவனுக்கு நகைப் பயம் இருக்குமானால், மானமும் உயிரும் வைத்திருக்கிறவளுக்குப் பயம் இருக்கக்கூடாதா? நோயாளி ஆண், வீட்டில் வேறு பெண்கள் இல்லை, இராத் தங்க வேண்டும் என்கின்ற இடத்துக்கு நம் பெண்களை அனுப்புகின்றோமே, எதை நம்பி அனுப்புகின்றோம்?

வீட்டு வேலை செய்பவர்களுக்கென்று இந்தத் தமிழ்நாட்டில் 2007-ல் நல வாரியம் வைத்தார்கள். டில்லியிலோ அவர்களுக்கென்று தனிச் சட்டம் செய்யாமலே காலம் கழிந்ததால், ஒரு கமிட்டி போட்டு யோசனை சொல்லுங்கள் என்று 2025 ஜனவரி 29-ந் தேதி உச்ச நீதிமன்றம் மத்திய சர்க்காருக்கு உத்தரவு போட வேண்டியதாயிற்று. 2011-ல் ஜெனிவாவில் வீட்டு வேலைக்காரர் உரிமைக்காக உலகத் தொழிலாளர் மகாநாடு உடன்படிக்கை செய்தபோது இந்தியா கை தூக்கினது. வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போடவில்லை. கை தூக்குவதற்குச் செலவில்லை பாருங்கள்.

சட்டம் வரும்போது வரட்டும். நம் ஊரிலேயே இருக்கின்ற ஒரு சாதனத்தை நாம் உபயோகிக்கவில்லை. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் மக்களைத் தேடி மருத்துவம் என்கின்ற திட்டத்தை ஆரம்பித்தார்கள். அந்தந்த ஊர் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களே வீடு வீடாய்ப் போய் இரத்தக் கொதிப்பு, சர்க்கரை பார்க்கின்றார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்குப் பணிவிடைக்கும் உடற்பயிற்சிக்கும் ஆள் வருகின்றது. இந்தப் பெண்களை நாம் அறிவோம். அவர்கள் நம்மை அறிவார்கள். எந்த வீட்டுக் கிழவர் இளைத்துக்கொண்டே போகின்றார், எந்த வீட்டுக் கிழவியின் கையில் தடிப்பு இருக்கின்றது என்று இவர்கள் கண்ணுக்குத் தெரியும். கதவைத் திறக்கும்போது ஒரு நாள் விசாரிப்பதைவிட, திறந்த பிறகு மாதம் இரண்டு தடவை சொல்லாமல் வந்து பார்ப்பதே மேலான விசாரணை. ஷிப்மனைப் பிடித்தது போலீஸ் சீட்டு அல்ல. "என் தாய் இப்படி உயில் எழுத மாட்டாள்" என்று சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்ட ஒரு மகள்தான் பிடித்தாள்.

ஆகவே கிராம சபை கூடுகின்ற நாளில் எழுந்து நின்று கேளுங்கள். இந்தப் பஞ்சாயத்தில் படுக்கையில் கிடப்பவர் எத்தனை பேர், கூலிக்கு ஆள் வைத்துப் பார்ப்பவர் எத்தனை பேர், அவர்களை மாதந்தோறும் போய்ப் பார்க்கின்றவர் யார் என்று கேளுங்கள். வெளியூருக்குத் தங்கி வேலைக்குப் போயிருக்கும் நம் பெண்கள் எந்த வீட்டில், எந்த முகவரியில் இருக்கின்றார்கள் என்று பஞ்சாயத்தில் ஒரு புஸ்தகம் வைக்கச் சொல்லுங்கள். அந்தப் புஸ்தகத்தில் ஜாதிக் கலம் போட்டால் அடிக்கச் சொல்லுங்கள். ஆள் அனுப்புகின்ற ஏஜென்சி எங்கே பதிந்திருக்கின்றது, விசாரணைச் செலவை வேலைக்கு வந்தவள் சம்பளத்தில் பிடிக்கின்றானா, தன் கையிலிருந்து கட்டுகின்றானா என்று கேளுங்கள். "அது எங்கள் அதிகாரத்தில் இல்லை" என்று தலைவர் சொல்லக்கூடும். சொன்னால், அதையும் தீர்மானப் புஸ்தகத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.